சுக்குப் போட்டதைச் சொல்லி விற்போம்: உடன்குடி வட்டாரத்தில் கீபோர்டு வாசிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

உடன்குடியிலும் பரமன்குறிச்சியிலும் மெஞ்ஞானபுரத்திலும் குலசையிலும் மணப்பாட்டிலும் எங்கே விசேஷம் என்றாலும் மேடையோரத்தில் ஒரு கீபோர்டு ஸ்டாண்டு நிற்கிறது. அதன் பின்னால் நிற்பது நீங்கள். ஞாயிறு காலை பாமாலைக்கும், அசனப் பண்டிகை இரவில் நாடகத்துக்கும், கல்யாண வரவேற்பில் சினிமாப் பாட்டுக்கும், தசரா வந்துவிட்டால் குழுவோடு வேனிலும் வாசிப்பது நீங்கள்தான். உங்களில் பலருக்கு முதல் கட்டையில் விரல் வைக்கச் சொல்லிக்கொடுத்தது நான். வகுப்புக்கு வரும்போது சொல்லலாம்தான். ஆனால் இது ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிற விஷயம் இல்லை, எல்லாரும் சேர்ந்து கேட்க வேண்டியது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கடனைத் தீர்த்துவிடுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் இசை நிகழ்ச்சி. எந்த ஆலயம் என்பது வேண்டாம். உங்களைப் போன்ற இரண்டு பேர் ஒரே பெஞ்சில் தோள் உரச உட்கார்ந்து ஒரு பழைய பியானோவை வாசித்தார்கள். கடற்காற்றில் உப்பி, நடுவில் ஒரு கட்டை அழுத்தினால் எழும்பாமல் படுத்துக்கொள்ளும் பியானோ அது. வலப்பக்கம் இருந்த பிள்ளை ஒவ்வொரு தடவையும் அந்தக் கட்டையை நகத்தால் நெம்பி எழுப்பிவிட்டுக்கொண்டே வாசித்தாள். எல்லாருக்கும் தெரிந்த பாமாலைதான். இரண்டு சரணம் ஒழுங்காகப் போயிற்று. மூன்றாவது சரணத்தில், இடப்பக்கம் இருந்த பையன் தாழ்ந்த கட்டைகளில் குலசைக்குப் போகும் தசரா குழுக்களின் தவிலடியை மெல்ல உள்ளே விட்டான். முதலில் எங்கோ தூரத்தில் கேட்பது போல, பிறகு தெருமுனைக்கு வந்துவிட்டது போல. மேலே பாமாலை நிதானம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. அது முடிகிற இடத்தில் மேளமும் தெருவைக் கடந்து போய்விட்டது. ஆலய மணியையும் அம்மன் மேளத்தையும் ஒரே வாசலில் நின்று கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் அந்த வாசிப்பு வரும்.

முடிந்ததும் பெரியவர் ஒருவர் எழுந்தார். “கோயிலுக்குள்ள தசரா மேளமா? அங்க அடிச்சத இங்க காப்பி அடிக்கதுக்கு ரெண்டு பேரு வேணுமால?” என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினார்கள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பையன் கீபோர்டுக்குள் ஏற்கெனவே பதிந்துகிடக்கும் ரிதத்தைத் தட்டிவிட்டு அதன்மேல் கார்டு மட்டும் பிடிக்க ஆரம்பித்தான். இன்றுவரை அப்படித்தான் வாசிக்கிறான். அன்று எழுந்து சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது உங்கள் எல்லாரிடமும் சொல்கிறேன்.

நீங்கள் கருப்பட்டி ஊர்ப் பிள்ளைகள். பதநீரைக் காய்ச்சிப் பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றி எடுப்பதைச் சின்ன வயதிலேயே பார்த்தவர்கள். சுக்குத் தட்டிப் போட்டால் அதைச் சுக்குக் கருப்பட்டி என்று சொல்லித்தானே விற்கிறோம்? சுக்குச் சேர்த்ததை யாரும் குற்றம் என்று சொன்னதில்லை. சீனியைக் கலந்துவிட்டு வாயைத் திறக்காமல் அசல் என்று விற்கிறவனைத்தான் நம் ஊர் மன்னிப்பதில்லை. வேறெங்கோ காய்ச்சியதற்கு உடன்குடிப் பெயரை ஒட்டி விற்றால் உங்களுக்குக் கோபம் வருகிறது, வர வேண்டியதுதான். இசைக்கும் இந்த நியாயத்தையே வைத்துப் பாருங்கள். இன்னொருவர் மெட்டை உங்கள் வாசிப்புக்குள் கொண்டுவருவது குற்றமில்லை. எங்கிருந்து வந்தது என்பதை மறைப்பதுதான் குற்றம். திருடியவன் யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயப்படுவான். அந்தப் பையன் தவிலடியை வாசித்தபோது, கேட்கிறவர்கள் கண்டுகொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டான். அதற்கு எடுத்தாளுதல் என்று பெயர். காப்பி என்ற ஒரே சொல்லால் இரண்டையும் அடித்துப்போடுவது அநியாயம்.

இது வெளியூர்ச் சரக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் மாவட்டத்திலேயே எட்டயபுரம் இருக்கிறது. முத்துசாமி தீட்சிதர் 1835இல் காலமானது அங்கேதான், சமாதியும் அங்கேதான். அவர் குடும்பம் இளமையில் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தது. அவர்களை ஆதரித்த மணலி முதலியார் கும்பினியோடு தொடர்புள்ளவர் என்பதால் ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாசிப்பதைச் சகோதரர்கள் கேட்டார்கள். தம்பி பாலுசாமி தீட்சிதர் அந்த நாட்களில் வயலின் கற்றுக்கொண்டு, பின்னால் எட்டயபுரம் சமஸ்தானத்து வித்துவானாக இருந்தார். அண்ணன் அந்தப் பேண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் மெட்டு ‘சந்ததம் பாஹிமாம்’ ஆயிற்று. நீங்கள் எல்கேஜியில் ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ என்று பாடிய மெட்டு ‘சியாமளே மீனாட்சி’ ஆயிற்று. நம்பிக்கை இல்லையென்றால் ஒரு கட்டையில் வெள்ளைக் கட்டைகளில் வைத்துப் பாருங்கள்: ஸ ஸ ப ப த த ப, ம ம க க ரி ரி ஸ. குழந்தைப் பாட்டும் அதுதான், மீனாட்சி துதியும் அதுதான், இரண்டும் சங்கராபரணம். இந்த உருப்படிகளுக்கு வந்த பெயரைக் கவனியுங்கள்: நோட்டு சுரம். வெள்ளைக்காரர் நோட்டிலிருந்து வந்தது என்பது பெயரிலேயே இருக்கிறது. சுக்குக் கருப்பட்டி மாதிரி, சேர்த்ததைச் சொல்லும் பெயர்.

“கோயிலுக்குள்ள அந்த மேளமா” என்ற கேள்விக்கும் நம் மண்ணிலேயே பதில் உண்டு. 1774இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார் எழுதிய கீர்த்தனைகளைத்தானே நாம் இன்றும் பாடுகிறோம்? குற்றாலநாதரைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியால் பேர்பெற்ற சீமை இது. அந்தக் குறவஞ்சி வடிவத்தை எடுத்து இயேசுவைப் பாட வைத்தார் சாஸ்திரியார். அதற்கு ‘பெத்லகேம் குறவஞ்சி’ என்று பெயர் வைத்தார். குறி சொல்லும் குறத்தியை எங்கிருந்து கூட்டிவந்தேன் என்பதை அவர் ஒளிக்கவில்லை. தலைப்பிலேயே வைத்துவிட்டார். அந்தப் பெரியவர் அன்று கேட்ட கேள்விக்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே சாஸ்திரியார் பதில் எழுதி வைத்திருக்கிறார். அதை எடுத்துச் சொல்ல எனக்குத்தான் நா எழவில்லை.

இனி, இரண்டு பேர் எதற்கு என்ற கேள்வி. இதற்கு உங்களைக் கொஞ்ச தூரம் கூட்டிப்போக வேண்டும். மேல்நாட்டில் இரண்டு பியானோவைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, அல்லது ஒரே பியானோவில் நான்கு கைகளால் வாசிக்கும் இணைகள் உண்டு. இக்காலத்துப் படைப்புகளைத் தேடித் தேடி வாசிக்கிற இணைகளும் உண்டு. அலோய்ஸ், அல்ஃபோன்ஸ் கொன்டார்ஸ்கி என்ற ஜெர்மானிய அண்ணன் தம்பி அப்படிப் பேர் வாங்கியவர்கள். இரண்டு பியானோவுக்கு எழுதி, பிறரிடமிருந்து எடுத்தாண்ட நான்கு படைப்புகளை மட்டும் சொல்கிறேன். உங்கள் போனிலேயே கேட்கலாம்.

1886இல் பிரெஞ்சுக்காரரான சான்-சான்ஸ் ‘விலங்குகளின் கேளிக்கை’ என்று ஒன்று எழுதினார். நடுவில் இரண்டு பியானோ, சுற்றிலும் சில வாத்தியங்கள். ஆஃபன்பாக் எழுதிய, காலைத் தூக்கித் தூக்கி ஆடும் கேன்-கேன் ஆட்டத்தின் மெட்டை எடுத்து, அதை ஊர்ந்து ஊர்ந்து வாசிக்க வைத்து, அதற்கு ‘ஆமைகள்’ என்று பெயர் வைத்தார். சுரங்கள் அப்படியே இருக்கின்றன, வேகம் மட்டும் குறைந்திருக்கிறது. அசல் தெரிந்தவருக்கு உடனே முகம் மலர்ந்துவிடும். அதே படைப்பில் ‘புதைபடிவங்கள்’ என்ற பகுதியில், மண்ணுக்குள் கிடந்த எலும்புகளைத் தோண்டி எடுப்பது போலப் பழைய மெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். அதில் ஒன்று எது தெரியுமா? தீட்சிதர் மீனாட்சிக்குக் கொடுத்த அதே ‘ட்விங்கிள்’ மெட்டு. தீட்சிதரும் பாரிஸ்காரரும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே ஊற்றில் தண்ணீர் மொண்டிருக்கிறார்கள். ஒருவர் அதைத் துதியாக்கினார், மற்றவர் அதை வைத்து விளையாடினார்.

1915இல் தெபுஸ்ஸி என்ற பிரெஞ்சுக்காரர் இரண்டு பியானோவுக்கு ‘வெள்ளையிலும் கருப்பிலும்’ என்று எழுதினார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அதன் இரண்டாம் பகுதியை அந்த ஆண்டு போர்க்களத்தில் இறந்த ஓர் இளம் அதிகாரிக்குக் காணிக்கை ஆக்கினார். அதற்குள் ஜெர்மானியரான மார்ட்டின் லூத்தரின் ‘நம் தேவன் உறுதியான கோட்டை’ என்ற ஞானப்பாட்டு வருகிறது. நம் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் அடைக்கலம் தேடித் தமிழில் பாடுகிற அதே மெட்டு. தெபுஸ்ஸியிடம் அது அடைக்கலமாக வரவில்லை. எதிரிப் படை பூட்ஸ் காலோடு நடந்து வருவது போல இறுகிக் கரடுமுரடாக வருகிறது. அதற்கு எதிரில் பிரெஞ்சு தேசிய கீதத்தின் ஒரு சாயல் மெல்லத் தலைகாட்டுகிறது. அந்த ஞானப்பாட்டைத் தெரியாதவர் காதில் இது வெறும் இரைச்சல். தெரிந்த நமக்கோ அடிவயிறு கலங்குகிறது. நாம் ஜெபமாகப் பாடியது இன்னொரு தேசத்துக்குப் போர் முழக்கமாகக் கேட்டிருக்கிறது. ஒரு பிரசங்கத்தால் சொல்ல முடியாததை எட்டுப் பத்துச் சுரம் சொல்லிவிடுகிறது.

1964இல் சிம்மர்மன் என்ற இசையமைப்பாளர் இரண்டு பியானோவுக்கு எழுதிய ‘மோனோலோக்’கில் பாக் தொடங்கி மெசியான் வரை பல காலத்து இசையமைப்பாளர்களின் மெட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். நேற்றும் இன்றும் நாளையும் ஓர் உருண்டையின் பரப்பில் இருப்பது போல ஒரே நேரத்தில் இருக்கின்றன என்று நம்பியவர் அவர். 1976இல் லிகெட்டி என்ற இன்னொரு இசையமைப்பாளர் இரண்டு பியானோவுக்கு மூன்று துண்டுகள் எழுதினார். நடுத்துண்டின் தலைப்பைக் கேளுங்கள்: ‘ரைக், ரைலி ஆகியோருடன் என் படம், ஷோப்பானும் கூட இருக்கிறார்’. யாரிடம் வாங்கினேன் என்பதைப் பெயர்ப் பட்டியலாகவே தலைப்பில் எழுதிவிட்டார். இதில் இன்னொன்றும் உண்டு. பியானோக்காரர் ஒரு கையால் சில கட்டைகளை ஓசையில்லாமல் அழுத்திப் பிடித்துக்கொள்ள, மறுகை அவற்றின் மேல் ஓடும். பிடிபட்ட கட்டைகள் பேசாது. அந்த இடைவெளியிலிருந்து புதுத் தாளம் பிறக்கும். அந்த ஆலயத்தில் படுத்துக்கொண்ட கட்டையை நகத்தால் நெம்பியபடி வாசித்த பிள்ளை இதை என்றாவது கேட்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

பெரும் பெயர்களைக் கேட்டு மலைத்துவிடாதீர்கள். பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜா 1986இல் ‘ஹவ் டு நேம் இட்’ வெளியிட்டார். தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கை. அதில் பாக்கின் தனி வயலின் படைப்பு ஒன்று நம் வயலினோடு கலந்து வருகிற உருப்படிக்கு ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’, அதாவது ‘பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்’ என்று பெயர் வைத்தார். வீட்டுக்கு வந்த விருந்தாளியை அக்கம்பக்கத்துக்கு அறிமுகம் செய்து வைக்கும் மரியாதை அந்தத் தலைப்பில் இருக்கிறது. நம் நாதஸ்வரக்காரர்களுக்கும் அந்த மரியாதை தெரியும். 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் வந்த நாதஸ்வரப் பாட்டைக் கோயில் கொடையில் வாசிக்கிறவரிடம் “யார் பாட்டு?” என்று கேட்டுப் பாருங்கள். படத்தின் பெயருக்கு முன்னால் காருகுறிச்சி அருணாசலத்தின் பெயரைத்தான் சொல்வார்.

இரண்டு பேர் எதற்கு என்பதற்கு இப்போது பதில் சொல்லலாம். எடுத்தாளும்போது அங்கே இரண்டு குரல் இருக்கிறது: வீட்டுக்காரர் குரல் ஒன்று, விருந்தாளி குரல் ஒன்று. இரண்டு பேர் வாசித்தால் இரண்டும் தனித்தனியாகக் காதில் விழும். நம் வில்லுப்பாட்டு மேடையைப் பாருங்கள். முன்னால் புலவர் கதை சொல்கிறார், பின்பாட்டுக்காரர் “ஆமா” போடுகிறார், கேட்டதைத் திருப்பிப் பாடுகிறார், சமயத்தில் எதிர்க்கேள்வியும் கேட்கிறார். அந்த “ஆமா” இல்லாமல் கதை நகராது. நையாண்டி மேளத்திலும் பெரும்பாலும் இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில். ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் எடுக்கிறார். உங்களுக்குப் பின்பாட்டுப் பாடுவது யார்? கீபோர்டுக்குள் யாரோ எங்கோ பதிந்து வைத்த ரிதம். நீங்கள் அழுதாலும் சிரித்தாலும் அது ஒரே மாதிரித்தான் அடிக்கும். விருந்தாளி வந்தது அதற்குத் தெரியாது.

என் மனத்தாங்கல் இதுதான், பிள்ளைகளே. உங்கள் விரல்களில் இல்லாத திறமை இல்லை. ஒரு படம் வெளியாகி நான்கு நாளில் அதன் பிஜிஎம்மைச் சுரம் பிசகாமல் வாசிக்கிறீர்கள். ஆனால் “யார் போட்ட டியூன்?” என்று கேட்டால் “ரீல்ஸ்ல வந்துச்சு” என்கிறீர்கள். ஆலயத்தில் புதுப் பாட்டு ஒன்றுக்கு முன்னால் நீங்கள் வாசித்த முன்னிசை வேறொரு பாட்டிலிருந்து அப்படியே எடுத்தது என்பது எனக்குத் தெரிந்தது. உங்களுக்கும் தெரிந்திருந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை என்று நீங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டதையும் பார்த்தேன். அதுதான் சொல்லாமல் கலக்கிற சீனி. அதேவேளை, உங்கள் ஆச்சி தாலாட்டுக்குப் பாடிய மெட்டு உங்களுக்கு மறந்துபோய்விட்டது. குலசைக்கு மாலை போட்டவர் தெருத்தெருவாகக் காணிக்கை எடுக்கும்போது அடிக்கிற அடி எத்தனை வகை என்று உங்களில் யாரும் உட்கார்ந்து எண்ணியதில்லை. எங்கிருந்தோ வந்ததைப் பெயர் தெரியாமல் வாசிக்கிறோம், வாசலில் கிடப்பதை வாசிக்கக் கூச்சப்படுகிறோம். அந்தக் கூச்சத்தை உங்களுக்குள் வைத்ததில் அந்தப் பெரியவருக்கும், அன்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கும் பங்கு இருக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். வருகிற கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியிலோ, பொங்கல் விழாவிலோ, பள்ளி ஆண்டு விழாவிலோ, எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே, இரண்டு இரண்டு பேராக உட்காருங்கள். ஒரு கீபோர்டு போதும். ரிதம் பட்டனை அணைத்துவிடுங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அது வீடு. நம் வட்டாரத்தில் உயிரோடு இருக்கும் ஒருவரிடம் போய் உட்கார்ந்து ஒரு மெட்டோ ஒரு அடியோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அது விருந்தாளி. ஆச்சியின் தாலாட்டாக இருக்கலாம், தவில்காரர் தரும் ஒரு தீர்மானமாக இருக்கலாம், பனையேறும் தாத்தா முணுமுணுக்கும் இரண்டு வரியாக இருக்கலாம். கேட்டதைச் சுரமாக நோட்டில் எழுதி, அதன் கீழே பாடியவர் பெயரையும் ஊரையும் தேதியையும் எழுதுங்கள். அவர் அனுமதி கொடுத்த பிறகு வாசியுங்கள்.

வாசிக்கும்போது விருந்தாளியை முழுசாகக் கொண்டுவந்து கொட்டிவிடாதீர்கள். எட்டுச் சுரம் போதும். அது வருவதற்கு முன் ஒரு கணம் கையை எடுங்கள், கேட்கிறவர் காது திறக்கட்டும். சான்-சான்ஸ் மாதிரி வேகத்தை மாற்றிப் பாருங்கள், தெபுஸ்ஸி மாதிரி முகத்தை மாற்றிப் பாருங்கள். விருந்தாளி வந்துபோன பிறகு வீடு முன்னைப் போலவே இருந்தால், அவரைக் கூப்பிட்டதற்குப் பயன் இல்லை. உங்கள் பாட்டில் ஏதாவது ஒரு சுரமாவது அவரால் மாறியிருக்க வேண்டும். முடித்ததும் இரண்டு பேரில் ஒருவர் மைக்கை வாங்கி, “இடையில் வாசித்தது இன்ன ஊர் இன்னாரிடம் கற்றது” என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் மட்டும் விட்டுப்போகவே கூடாது. அந்தத் தவில்காரரும் அந்த ஆச்சியும் கூட்டத்தில் இருந்தால் அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

யாராவது எழுந்து “காப்பி” என்று சொல்லக்கூடும். பதிலுக்குப் பதில் பேச வேண்டாம். பெயரைச் சொல்லிவிட்டீர்கள், அதற்குமேல் நீங்கள் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. மீதியை நான் பேசிக்கொள்கிறேன். எந்த மேடை என்று எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் போதும். இந்தத் தடவை முதல் வரிசையில் இருப்பேன்.

சனிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் என் வீட்டுக் கதவு திறந்திருக்கும். மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்தப் பழைய பியானோவை வாசித்த இரண்டு பேரும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். முதலில் நீங்கள் வாருங்கள். அந்த மூன்றாவது சரணத்தை எனக்கு இன்னொரு தடவை வாசித்துக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் இசை ஆசிரியர்,
உடன்குடி.